எடைமேடையும் இருபது மீட்டரும்: லினக்ஸ் கணினியில் எதை எந்த வழியில் கோப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றில் பழைய கண்காணிப்புக் கணினியைத் தூக்கிவிட்டு லினக்ஸுக்கு மாறுகிறார்கள். கோக்க வேண்டியவை இவை: உள்ளே வரும் லோரிக்கு ஓர் எடைமேடை, வெளியே போகும் லோரிக்கு இன்னொன்று. குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசர்களின் அழுத்தமானிகள். பாய்லர் பக்கம் சில. எண்ணெய்த் தொட்டிகளின் மட்டம் காட்டுபவை. பகுதிக்கு ஒன்றாக மின்சார மீட்டர்கள். எல்லாம் சேர்த்தால் இருபதைத் தாண்டும். எல்லாமே சீரியல் கருவிகள், அதாவது தகவலை ஒயரில் பிட் பிட்டாக வரிசையில் அனுப்பும் பழைய ரகம்; எல்லாமே நன்றாக ஓடுபவை. அதனால் புதிது வாங்க நிர்வாகம் ஒரு வெள்ளிகூடத் தராது.

உதவிப் பொறியாளர் தம்பி எடுத்த எடுப்பில் என்னிடம் கேட்டது: "அண்ணே, இத்தனை போர்ட்டை லினக்ஸ் தாங்குமா? கெர்னல்ல ஏதோ நம்பர் லிமிட் இருக்காமே?"

இருக்கிறது. ஆனால் கருவிகளை ஆளும் லினக்ஸின் மையப் பகுதியான அந்தக் கெர்னலில் எந்த லிமிட் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுத்தால், தேவையில்லாத இடத்தில் பயந்து, பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்துவிடுவோம். ஆகவே முதலில் எண்கள்.

லினக்ஸில் ஒவ்வொரு கருவிக் கோப்புக்கும் இரண்டு எண் உண்டு. மேஜர் எண் எந்த டிரைவர் (கருவியை ஓட்டும் மென்பொருள்) என்று சொல்லும், மைனர் எண் அந்த டிரைவர் பார்த்துக்கொள்ளும் கருவிகளில் எது என்று சொல்லும். தோட்டத்து லயத்துக்கு ஓர் எண், அந்த லயத்தில் வீட்டுக்கு ஓர் எண் என்பதுபோல. ஆரம்ப காலத்தில் இரண்டுக்கும் சேர்த்து 16 பிட்தான் இடம், ஆளுக்கு 8. அதாவது 256 மேஜர், ஒவ்வொன்றிலும் 256 மைனர். இந்த இட நெருக்கடியின் விளைவு வினோதமாக இருந்தது. ஸ்கஸி என்ற இணைப்பு முறையில் ஓடும் ஒரு டிஸ்குக்கு 16 மைனர் ஒதுக்கினார்கள்; டிஸ்குக்கு ஒன்று, பார்ட்டிஷனுக்குப் பதினைந்து. ஆக ஒரு மேஜரில் 16 டிஸ்க்தான் அடங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்னொரு மேஜர். அப்படி எட்டு மேஜர்களைப் பிடித்துப்போட்டு 128 டிஸ்க் வரை இழுத்தார்கள். மேஜர் எண்களைப் பதிவுசெய்து கொடுக்க ஒரு பட்டியலே தனியாக இருந்தது. 2001இல் புதிய எண் ஒதுக்குவதையே நிறுத்தி வைக்கும் அளவுக்கு நிலைமை போனது.

2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னல் இதை 32 பிட்டாக்கியது. மேஜருக்கு 12, மைனருக்கு 20. இப்போது 4,096 மேஜர்; ஒவ்வொன்றிலும் 10 லட்சத்து 48 ஆயிரத்துச் சொச்சம் மைனர். ஆலையில் உள்ள கருவிகளை விடுங்கள், அந்த ஆலைக்குப் பழம் அனுப்பும் தோட்டங்களில் மரத்துக்கு ஒன்றாகக் கருவி மாட்டினாலும் தாங்கும்.

இத்தோடு கதை முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் பெரிய கதவை அகலமாக்கிய பிறகும், உள்ளே டிரைவர்கள் தங்கள் பழைய சின்னக் கதவுகளை அப்படியே வைத்திருக்கின்றன. யுஎஸ்பி சீரியல் டிரைவரில் 254 என்று ஒரு எண்ணை எழுதி, பக்கத்தில் ஏராளமான கருவிகள் என்று சிரிப்புக் குறியோடு குறிப்பும் போட்டிருந்தார்கள். 8 பிட் காலத்து மிச்சம் அது. 2013இல்தான் 512 ஆனது. மதர்போர்டிலும் கார்டிலும் வரும் சாதாரண சீரியல் போர்ட்டுகளின் கதை இன்னும் சுவாரசியம். அவற்றின் மேஜர் 4. அதே மேஜரின் முதல் 64 மைனரை (0 முதல் 63 வரை) திரைக் கன்சோல்கள் எடுத்துக்கொண்டன. அதனால் முதல் சீரியல் போர்ட் 64இல் தொடங்கி, 255 வரை 192 போர்ட். அந்த 192ஐக்கூட யாரும் எட்டுவதில்லை. ஏனென்றால் கெர்னலை உருவாக்கும்போது கேட்கப்படும் ஒரு கேள்விக்கு முன்னிருப்புப் பதில் 4.

ஆமாம், நான்கு. தம்பி கேட்ட லிமிட் கடிக்கும் இடம் இதுதான்.

இனி வழிகள். நான்கு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். கெர்னலை நாமே மாற்றிக் கட்டி வரம்பை உயர்த்துவது ஐந்தாவது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் திரும்பக் கட்ட ஆள் வேண்டும், ஆலையில் அந்த ஆள் இல்லை. கையால் கருவிக் கோப்பு உண்டாக்கி எண்ணை நாமே எழுதிவிடலாம் என்று இன்னும் சில பழைய கையேடுகள் சொல்கின்றன. 2009 முதல் கெர்னலே அந்தக் கோப்புகளைத் தானாகப் போட்டுக்கொள்கிறது. நாம் போடுவது அடுத்த பூட்டில் காணாமல் போகும்.

முதல் வழி, பல போர்ட் உள்ள பிசிஐ கார்டு. கணினியின் வயிற்றில் செருகி, பின்னால் தொங்கும் எட்டு வால்களில் எட்டுக் கருவி. இதன் பெரிய பலம், ஓடிக்கொண்டிருக்கும்போது எண் மாறாது. மூன்றாவது வாலில் உள்ள ஒயரைக் கழற்றி மாட்டினாலும் அது மூன்றாவது வால்தான். கெர்னலுக்குப் போர்ட் தெரியுமே தவிர, அதன் மறுமுனையில் யார் வந்தார், யார் போனார் என்று தெரியாது. தெரியாமல் இருப்பதே இங்கே நன்மை.

பலவீனம் அந்த நான்கு. முன்னிருப்பை மாற்றாத கெர்னலில் எட்டுப் போர்ட் கார்டைச் செருகினால், மதர்போர்டின் சொந்தப் போர்ட் போக மிச்சமிருக்கும் இரண்டோ மூன்றோதான் உயிர்பெறும். மற்றவற்றுக்குப் பதிவேட்டில் மைனஸ் 28 என்று ஒரு பிழை எண் விழும். அந்த எண்ணுக்கு அர்த்தம் தேடினால் இடம் இல்லை என்று வரும். டிஸ்க் நிரம்பினால் வரும் அதே எண். இதைப் பார்த்துவிட்டு ஹார்ட் டிஸ்கைக் காலி செய்ய உட்கார்பவர்கள் உண்டு. தேவை, கணினி எழும்போது கெர்னலுக்குப் போகும் பூட் வரியில் ஒரே ஒரு சேர்க்கை: சாதாரண சீரியல் போர்ட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் 8250 டிரைவரின் என்ஆர்-யூஆர்ட்ஸ் அளவை 16 என்றோ 32 என்றோ கொடுப்பது. ஒரு நிபந்தனை, கெர்னல் கட்டும்போது வைத்த உச்ச அளவை அது தாண்டக் கூடாது. பல லினக்ஸ் பதிப்புகள் அந்த உச்சத்தைத் தாராளமாகவே வைத்து அனுப்புகின்றன. கார்டு வாங்கும் முன் பூட் பகுதியில் இருக்கும் கன்ஃபிக் கோப்பைத் திறந்து பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். தயாரிப்பாளரின் சொந்த டிரைவர் இருந்தால்தான் ஓடும் கார்டுகளைத் தொடாதீர்கள். கெர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இன்னொன்று தூரம். ஒரு போர்ட்டுக்கு ஒரு கருவி என்ற சாதாரண சீரியல் முறையான ஆர்எஸ்-232 ஒயர் 15 மீட்டர் வரை என்பதுதான் பொதுக் கணக்கு. எடைமேடைக் காட்டி கிராணியின் மேசையிலேயே இருக்கிறது, அதற்குப் போதும். தொட்டிக்குப் போகாது.

இரண்டாவது, யுஎஸ்பி மாற்றி ஒயர்கள். மலிவு. பட்டணத்துக்குப் போக வேண்டாம், இணையத்தில் தட்டினால் வீட்டுக்கே வருகிறது. தம்பியின் மனம் இதில்தான் இருந்தது, எனக்கு இதில்தான் சந்தேகம். ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எண்ணிக்கைக் கணக்கில் இது தேறும். ஒரு யுஎஸ்பி பஸ்ஸில் முகவரிக்கு 7 பிட், ஆக 127 கருவி. ஒரு துளையைப் பலவாக்கும் ஹப்களும் அந்தக் கணக்கில் சேரும். டிரைவரின் வரம்பு 512. இருபது ஒயர் எம்மாத்திரம்? சிக்கல் எண் போதாமையில் இல்லை. எண்ணை யார் யாருக்கு, எப்போது கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. யுஎஸ்பியில் வந்த வரிசைதான் எண். முதலில் வந்தவர் 0, அடுத்தவர் 1. காலையில் பூட் ஆனபோது ஒரு வரிசை. நண்பகலில் பெரிய மோட்டார் ஒன்று கிளம்பும்போது மின்சாரம் ஒரு கணம் தடுமாறி ஹப் விழுந்தெழுந்தால் வேறு வரிசை.

அதிலும் ஒரு நுணுக்கம். ஒரு புரோகிராம் 0ஐத் திறந்து வைத்திருக்கும்போது ஒயர் விழுந்தெழுந்தால், அந்த 0 இன்னும் விடுபடவில்லை. அதே ஒயர் திரும்பி வரும்போது அடுத்துக் காலியாக இருக்கும் எண் அதற்குப் போகிறது. புரோகிராம் சமர்த்தாக உடனே கதவை மூடிவிட்டால் 0 காலி. ஆனால் அந்த இடத்தில் வேறு ஒயர் முந்திக்கொண்டு உட்காரலாம்.

இது வெறும் தத்துவக் கவலை அல்ல. வேறோர் ஆலையில் இரண்டு எடைமேடையும் இப்படி யுஎஸ்பியில் இருந்தன. ஒரு மத்தியானம் நிறுவைக் கிராணி போன் பண்ணினார். "சார், மேடையில ஈ காக்கா இல்ல, பதினெட்டு டன் காட்டுது. வெளிய போற பக்கம் லோரி நிக்குது, அங்க ஜீரோ." ஹப் எழுந்தபோது இரண்டு ஒயரும் எண்ணை மாற்றிக்கொண்டன. இரண்டு காட்டியும் ஒரே மாடல், அனுப்பும் எழுத்து வரிசையும் ஒன்றே. அதனால் புரோகிராமுக்குச் சந்தேகமே வரவில்லை. அழுத்தமானியின் எண் எடைமேடைக்கு வந்திருந்தால் வடிவம் பொருந்தாமல் பிழை காட்டியிருக்கும். ஒரே சாயலில் இரண்டு இருந்ததுதான் வினையாகிவிட்டது. கிராணி கண்ணால் பார்த்ததால் தப்பியது. நிறைந்த லோரியின் எடையில் வெறும் லோரியின் எடையைக் கழித்துத்தான் சிறு தோட்டக்காரருக்குப் பணம். இரண்டு மேடையிலும் லோரி நிற்கும் நேரத்தில் எண் இடம்மாறியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. கருவிக் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் என்ற லினக்ஸ் புரோகிராம் 2003இல் வந்ததே பெயரையும் எண்ணையும் பிரிக்கத்தான். கருவியின் வரிசை எண்ணை வைத்தோ, அது செருகியிருக்கும் துளையை வைத்தோ ஒரு நிலையான பெயரை யூடெவ் உண்டாக்கித் தரும். மைனர் எண் எப்படி மாறினாலும் பெயர் சரியான ஒயரைக் காட்டும். சீரியல் என்ற அடைவுக்குள் பை-ஐடி, பை-பாத் என்று இரண்டு கிளை தானாகவே இருக்கும், பார்த்திருப்பீர்கள். எஃப்டிடிஐ நிறுவனத்தின் மாற்றிச் சிப் உள்ள ஒயர் என்றால், வரிசை எண்ணை வைத்துப் பெயர் தரும் பை-ஐடி. அசல் சிப்பில் வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை எண் இருக்கும். சிஎச்340 என்ற சிப் உள்ள மலிவான ஒயர்களில் பெரும்பாலும் வரிசை எண்ணே கிடையாது. அதில் இரண்டு செருகினால் பை-ஐடியில் ஒரே பெயருக்கு இருவர் போட்டி, கடைசியில் ஒருவர்தான் மிஞ்சுவார். அப்போது பை-பாத், அதாவது துளைதான் அடையாளம். சுத்தம் செய்ய வந்தவர் ஒயரைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகிவிட்டால் அதுவும் போச்சு. ஹப்பின் ஒவ்வொரு துளைக்கும் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, ஒயரிலும் ஒட்டி, இரண்டையும் பசை டேப்பால் கட்டிவைத்த ஆலையும் எனக்குத் தெரியும். அது ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

ஆனால் இடி இருக்கிறதே! இந்தக் கடலோரச் சமவெளியில் மாலை மழை இடியில்லாமல் வருவது அபூர்வம். நீண்ட ஒயர் ஒரு முனையில் தொட்டியின் இரும்பிலும் மறுமுனையில் கணினியிலும் நிற்கும்போது, இரண்டு இடத்து நிலமும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்காது. மாற்றிக்கு உள்ளே மின் தடுப்பு இல்லையென்றால் அந்த வித்தியாசம் ஹப் வழியாக மதர்போர்டுக்கே போகும். மலிவான ஒயரில் அந்தத் தடுப்பு கிடையாது. இருபது மலிவு ஒயர் என்றால் இருபது வாசல் திறந்து வைத்திருக்கிறோம் என்று பொருள்.

மூன்றாவது வழி ஆர்எஸ்-485 கோடு. எனக்குப் பிடித்தது இதுதான், மறைக்கவில்லை. இரண்டே கம்பி, அதில் வரிசையாக எல்லா மீட்டரும். 1,200 மீட்டர் வரை போகும், சாதாரண அளவில் 32 கருவி தாங்கும். பேசும் மொழி மோட்பஸ். 1979இல் வந்தது, இன்றும் மீட்டருக்கு மீட்டர் இருக்கிறது. இந்த ஆலையின் மின்சார மீட்டர்களின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், யாரும் தொடாத இரண்டு டெர்மினல் தூசு படிந்து கிடக்கின்றன. அவைதான்.

கெர்னலின் கண்ணில் இந்தக் கோடு முழுவதும் ஒரே ஒரு போர்ட், ஒரே ஒரு மைனர் எண். இருபது கருவிக்கும் அடையாளம் மோட்பஸ் முகவரி, 1 முதல் 247 வரை. அந்த எண் மீட்டருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. மின்சாரம் போய் வந்தாலும், யார் முதலில் எழுந்தாலும், ஏழாம் மீட்டர் ஏழாம் மீட்டர்தான். யுஎஸ்பியில் கெர்னல் வந்தவர் வரிசையில் எண் கொடுத்தது. இங்கே கருவி தன் எண்ணைத் தானே சுமந்து வருகிறது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே மற்றத் தொல்லைகளைப் பொறுத்துக்கொள்வேன்.

தொல்லைகள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் மீட்டர் பெரும்பாலும் முகவரி 1 என்றே வரும். ஒவ்வொன்றாக மாட்டி எண்ணை மாற்றி, அதன் முகத்தில் பேனாவால் எழுத வேண்டும். ஏ, பி என்று குறித்த முனைகளை எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே மாதிரி குறிப்பதில்லை. பதில் வரவில்லையா, முதலில் இரண்டு கம்பியையும் மாற்றிப் பாருங்கள். கோட்டின் இரு முனையிலும் 120 ஓம் தடை வேண்டும். நடுவில் கிளை பிரித்து மரம்போல் ஓட்டக் கூடாது, ஒரே நூலாகப் போக வேண்டும். ஒரு மீட்டர் கெட்டுக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் எல்லாமே ஊமையாகிவிடும். அதனால் இருபதையும் ஒரே கோட்டில் போடாமல் இரண்டாகப் பிரிப்பது நல்லது.

வேகம் போதுமா என்று கேட்பார்கள். 9600 வேகத்தில் ஒரு மீட்டரை ஒரு மதிப்பு கேட்டால், கேள்வி 8 பைட், பதில் 7 பைட். கம்பியில் ஓடும் நேரம் ஏறக்குறைய 16 மில்லிவினாடி. இடைவெளி, மீட்டர் யோசிக்கும் நேரம் எல்லாம் சேர்த்து 50 என்று தாராளமாக வைத்தாலும், இருபது மீட்டரைச் சுற்றிவர ஒரு வினாடி. ஸ்டெரிலைசரில் 3 பார் அழுத்தத்துக்கு நீராவி ஏறுவது நிமிடக் கணக்கு. தாராளம். எடைமேடைக்குத்தான் இது ஒத்துவராது. அந்தக் காட்டி கேட்காமலேயே எடையைக் கொட்டிக்கொண்டே இருக்கும் ரகம், பகிர்ந்த கோட்டில் அதை விடவே முடியாது.

நான்காவது, சீரியல் பெட்டியை நெட்வொர்க்கில் வைப்பது. கருவி இருக்கும் இடத்திலேயே ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஈதர்நெட். புரோகிராம் ஐபி முகவரிக்கும் போர்ட் எண்ணுக்கும் நேராகப் பேசினால் கெர்னலின் மேஜரும் மைனரும் கணக்கிலேயே வராது. தூரத்துத் தொட்டிகளுக்கு இது அருமை, அதுவும் நடுவில் ஃபைபர் போட்டால் இடிக்குக் கம்பியே கிடையாது. ஐபியை நிலையாக வைத்துவிட வேண்டும், தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், அலுவலக நெட்வொர்க்கோடு கலக்கக் கூடாது. விலைதான் கையைக் கடிக்கும். இருபது கருவிக்கும் இது வேண்டியதில்லை.

ஆக, நான் எழுதிக் கொடுத்தது இப்படி. கணினி நிறுவை அறையிலேயே இருக்கும். அதில் நான்கு போர்ட் பிசிஐ கார்டு ஒன்று, கெர்னலின் சொந்த டிரைவரிலேயே ஓடுவது, இரண்டு போர்ட்டை 485க்கு மாற்றக்கூடியது, அந்த இரண்டிலும் மின் தடுப்பு உள்ளது. முதல் இரண்டு போர்ட் எடைமேடைகளுக்கு மட்டும், வேறு எதுவும் அதில் கை வைக்கக் கூடாது. மூன்றாவதில் ஸ்டெரிலைசரும் பாய்லரும், நான்காவதில் மின்சார மீட்டர்கள். தொட்டிப் பக்கத்துக்கு ஒரே ஒரு நெட்வொர்க் பெட்டி, ஃபைபர் வழியாக. மதர்போர்டின் சொந்தப் போர்ட்டையும் சேர்த்தால் ஐந்தாகிறது; ஆகவே பூட் வரியில் என்ஆர்-யூஆர்ட்ஸ் 8 என்று முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

"அப்ப யுஎஸ்பி வேண்டவே வேணாமா, அண்ணே?" என்றார் தம்பி. அவர்கள் வாங்கப் பார்த்த கணினி உள்ளங்கை அகலச் சின்னப் பெட்டி, அதில் கார்டு செருக இடமே இல்லை. அதைத்தான் வாங்குவோம் என்று மேலிடம் பிடிவாதம் பிடித்தால் யுஎஸ்பிதான் வழி, ஆனால் இருபது அல்ல. மின் தடுப்பு உள்ள எஃப்டிடிஐ மாற்றி நான்கு போதும்: எடைமேடைக்கு இரண்டு, 485 கோட்டுக்கு இரண்டு. வரிசை எண்ணை வைத்து யூடெவ் விதியில் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டும். புரோகிராமின் அமைப்பில் 0, 1 என்ற எண் ஒரு இடத்திலும் இருக்கக் கூடாது, பெயர் மட்டும். எடைமேடைப் புரோகிராம் தொடர்பு அறுந்தால் பழைய எடையைக் காட்டாமல் திரையைக் காலியாக்க வேண்டும். ஒப்படைக்கும் நாளில், இரண்டு மேடையிலும் வெவ்வேறு எடையுள்ள லோரி நிற்கும்போது ஹப்பின் மின்சாரத்தைப் பிடுங்கி மாட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு எடையும் அதனதன் இடத்துக்குத் திரும்பினால் கையெழுத்துப் போடலாம்.